மழை வராது என்று நான் சொன்ன நாள்

எங்கள் ஊர்ப் பூங்காவில் ஏழெட்டு மரங்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஐம்பது வயதுக்கு மேல் வந்த எழுத்து. புளிய மரத்துப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். பக்கத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். அந்த மரத்துக்கு என்னைத் தெரியும், எனக்கு அதைத் தெரியும், நடுவில் பலகை எதற்கு என்று தோன்றும். ஆனாலும் படிப்பேன். படிக்கத் தெரிந்தவள் படிக்காமல் தாண்டிப் போனால் படித்ததற்கு மரியாதை இல்லை.

போன வாரம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வேனில் அழைத்து வந்தார்கள். இயற்கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்களாம். டீச்சரம்மா சின்னப் பெண். ஒரு கையில் செல்போன், மறுகையால் புளிய மரத்தின் அடியைக் காட்டினாள். கறுப்பு எறும்புகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. "எறும்பு முட்டையத் தூக்கினு மேல ஏறுனா இன்னா வரப்போவுது? யார் சொல்றீங்க?" என்று கேட்டாள். ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்து பதில் சொன்னாள். அந்தப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உடம்பில் ஒரு அசதி, இன்னும் போகவில்லை.

பூங்கா ஆவதற்கு முன்னால் அது தோப்பு. தறி வைத்திருக்கிறவர்கள் பாவு நீட்டுவதற்கான தோப்பு. பாவு என்றால் புடவையின் நீளத்துக்கு ஓடுகிற பட்டு இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதை இரண்டு முளைகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தடவி, நிழலில் காய வைக்க வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு எந்த வீட்டில் இடம் இருக்கிறது? அதனால் மாதத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ வீட்டோடு தோப்புக்குப் போவோம். ஆடும் காக்கையும் பாவை அண்டாமல் விரட்டுவது என் வேலை. மற்ற நாளெல்லாம் நான் வீட்டுக்குள் ராட்டை சுற்றிக்கொண்டிருப்பேன். பெண் பிள்ளைகள் தோப்புக்குத் தனியாகப் போகக் கூடாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தத் தோப்பில் நான் கற்றதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தும்பி தாழப் பறந்தால் என்ன, கொக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது, எறும்பு முட்டையோடு கிளம்பினால் என்ன என்று நானாகவே பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு தரம் மழை வரும் என்று சொன்னேன், இரண்டு தரமும் வந்தது. அதிலிருந்து பாவு நீட்டுகிற நாள் காலையில் என்னைக் கேட்காமல் எங்கள் வீட்டில் கஞ்சி காய்ச்ச மாட்டார்கள். மாமா, அம்மாவின் தம்பி, என்னை ஜோசியக்காரி என்றுதான் கூப்பிடுவார். கேலிதான். எனக்கு அது கிரீடம்.

அந்த ஆடி மாதம் நீட்ட வேண்டியிருந்தது சாதாரணப் பாவு இல்லை. அப்பாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, ஆவணியில் கல்யாணம். ஊருக்கெல்லாம் கூறைப் புடவை நெய்த வீட்டில் எங்கள் ஆட்களுக்காக அதுவரை ஒரு பட்டும் நெய்ததில்லை. முதல் தடவையாக அத்தைக்கென்று அப்பா குங்குமச் சிவப்பில் பாவு வாங்கி வைத்திருந்தார். அத்தை அந்த நூலைத் தொட மாட்டாள். தூரத்தில் நின்று பார்ப்பாள்.

முந்தின நாள் சாயங்காலம் எனக்கு அம்மா மேல் கோபம். சுவரோரம் இருந்த வெல்லப் பானையைத் தூக்கி உறியில் வைத்துவிட்டாள். நான் எடுத்துத் தின்பது தெரிந்துவிட்டது என்று நினைத்து, பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விடிந்ததும் கொல்லைப் பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால், சுவரில் எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் அரிசி நொய் போல வெள்ளையாக ஒரு முட்டை. வெறுமனே போகிற எறும்பு ஒன்று கூட இல்லை. அவ்வளவு பெரிய வரிசையை நான் அதுவரை பார்த்ததில்லை.

உள்ளே வந்தேன். எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"வாம்மா ஜோசியக்காரி, வானம் இன்னா சொல்லுது? கஞ்சி காச்சலாமா, இல்ல கஞ்சியக் குடிச்சிட்டுப் படுக்கலாமா?" என்றார் மாமா.

"வராது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், தோப்பில் அந்தப் புளிய மரத்தின் பொந்தில் ஒரு மைனா கூடு வைத்திருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால், போன தடவை பாவு நீட்டப் போனபோது, கிளையில் ஏறிப் பார்த்தேன். நீல நிறத்தில் நாலு முட்டை. குஞ்சு இந்நேரம் றெக்கை முளைத்து நிற்கும். இன்றைக்கு விட்டால் பறந்துபோகும். மழை வந்தாலும் இருட்டுகிற நேரத்தில்தானே வரும், அதற்குள் பாவு காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற?"

"அதான் அவ சொல்லிட்டாளே. அவளுக்குத் தெரியாததா?" என்றாள் அம்மா. அப்போதே அடுப்பைப் பற்றவைக்க உட்கார்ந்துவிட்டாள்.

தோப்பில் அன்று நல்ல காற்று. சிவப்புப் பாவை இழுத்துக் கட்டியதும் மரத்து நிழலில் ஒரு ஆறு ஓடுவது போல இருந்தது. கஞ்சி தடவியாயிற்று. மதியம் சாப்பிட்ட பிறகு ஆண்கள் துண்டை விரித்துக் கண்ணயர்ந்தார்கள். நான் ஆட்டை விரட்டுகிற குச்சியைப் போட்டுவிட்டுக் கிளையில் ஏறினேன். பொந்துக்குள் நாலு மஞ்சள் வாய். நாலும் என்னைப் பார்த்துத் திறந்தன. ஒன்று விளிம்பு வரைக்கும் வந்து, பயந்து உள்ளே போனது. அதை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. வெளிச்சம் குறைந்ததைக் கூடக் கவனிக்கவில்லை.

மழை தூறலாக நிற்கவில்லை. முதலில் ஒன்றிரண்டு துளி, உடனே கொட்டியது. அப்பாவும் மாமாவும் எழுந்து ஓடி முளையைப் பிடுங்குவதற்குள் கஞ்சி கரைந்து இழையோடு இழை ஒட்டிக்கொண்டது. சாயம் ஒழுகி மண்ணெல்லாம் சிவப்பு. அப்பா ஈரப் பாவை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உன் நாக்குல சனி கீதுடி!" என்று மாமா என்னை அடிக்கக் கை ஓங்கினார்.

அம்மா நடுவில் வந்தாள். "கொயந்த சொல்லிச்சின்னு கஞ்சி காச்சுனது நான். அடிக்கணும்னா என்ன அடி."

அத்தை பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பட்டில் மணையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டுக்கு வருவாள். வந்ததும் என் கன்னத்தைக் கிள்ளி, "வாடி, என் கூறப் பொடவைய மழைக்குக் கட்டி வுட்டவளே" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் சிரித்ததில்லை. ஏதாவது வேலையாக அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். ஒட்டிய அந்த இழைகளை மாதக்கணக்கில் உட்கார்ந்து பிரித்தவளும் அவள்தான். ஒரு நாளும் என்னைத் துணைக்குக் கூப்பிடவில்லை. என் குற்றத்துக்கு அவள் தண்டனை அனுபவிக்கிறாள் என்று நினைத்து, நான் பக்கத்தில் போகவே கூசினேன். அதற்கப்புறம் யார் கேட்டாலும் நான் மழையைப் பற்றி வாய் திறக்கவில்லை. எறும்பின் சேதி தெரியும் என்பதை எறும்புக்குக் கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

ரெட்டைச் சடைப் பெண் சொன்ன பதில் இதுதான்: "மழ வரும் மிஸ். எங்கம்மா எறும்பப் பாத்தாலே மழ வரப்போவுதுன்னு சக்கர டப்பாவ மேல தூக்கி வெச்சிடுவாங்க."

"எங்கூட்லயும் மிஸ், எங்கூட்லயும்!" என்று மற்றப் பிள்ளைகள் கத்தின.

எனக்கு மட்டும் தெரியும் என்று அறுபது வருஷமாகச் சுமந்துகொண்டிருந்த சங்கதி எல்லா வீட்டிலும் தெரிந்திருக்கிறது. வெல்லப் பானையை உறியில் ஏற்றியவளுக்கு முந்தின நாளே தெரிந்திருக்கிறது.

அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புடவையின் கரை இழைக்கு நாடாக்கட்டையைத் தள்ள வேண்டும். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. பாவு நாள் தவிர அவள் வெளியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று ஆண்கள் தூங்கியபோது அவள் புளிய மரத்து வேரில் சாய்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டு, காலை நீட்டி, மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை இருட்டுகிற நேரத்தில்தானே வரும் என்று அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பாள். முதல் துளி விழுந்தது. நான் கிளையிலிருந்து குனிந்து பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. உள்ளங்கையை நீட்டி, இரண்டாவது துளியை அதில் வாங்கி, அதையே பார்த்தாள். பிறகுதான் கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தாள்.

அம்மா ஏன் ஓடவில்லை என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மறுபடியும் பொந்துக்குள் எட்டிப் பார்த்தேன்.