சூளைக்கு மூளை வைக்கப் போன இடத்தில்

பெரிய ஆலைக்குச் செயற்கை அறிவு மாட்டிக்கொடுக்கிற வேலை, புகுந்த வீட்டில் புது மருமகள் சமைக்கிற மாதிரி: ருசியாக இருந்தாலும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வெளியூர் வேலையில் வதங்கியவர்களுக்குச் சொல்லணுமா?

தொண்ணூறுகளின் கடைசியில், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை. சூளையின் சூட்டைப் பார்த்து நிலக்கரியைத் தானே கூட்டிக் குறைக்கும் கம்ப்யூட்டரை அங்கே வைத்தோம். ஆள் கைபடாமல் ஒரு வாரம் ஓடினால் மேனேஜர் கையெழுத்துப் போடுவார். அதன்பிறகுதான் நான் திருநெல்வேலி போய், பிறந்த மகளின் முகத்தையே பார்க்க முடியும்.

சும்மா இருப்பது

சூளை ஓட்டும் கோவிந்தராசு அண்ணன் கல்லங்குறிச்சிக்காரர். நான் டீ குடிக்கப் போனால் போதும், கம்ப்யூட்டரை விலக்கிவிட்டுக் கையால் ஓட்டுவார். வாரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. "ஏண்ணே, தப்பாவா ஓட்டுது?" என்றேன்.

"நல்லாத்தான் ஓட்டுது சார். சும்மா உக்காந்திருந்தா எனக்குத் தூக்கம் வந்துடுது."

போனில் ஒரு அழுகை

ஞாயிறுதோறும் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடுவேன். மனைவி வசந்தி ரிசீவரைக் குழந்தை காதில் வைப்பாள். நான் என்னென்னவோ உளறுவேன், அழுகை நின்றுவிடும். அந்த நிமிஷத்துக்காகத்தான் ஆறு நாளை ஓட்டினேன். பூத்துக்கார பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர், சவுதியிலிருந்து திரும்பியவர். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எம்புள்ளைங்களும் போன்லதான் வளந்துச்சுங்க தம்பி. நேர்ல வந்து நின்னா, 'போன்ல பேசுற அத்தா எங்கே'ன்னு என்னையே கேட்டுச்சுங்க."

சந்தனம் குங்குமம்

ஒருவழியாக அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். வாரம் முடிய ஒரே நாள். பையில் பஸ் டிக்கெட். காலையில் போனால் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. திரை இருட்டு. சூளையை அண்ணன் கையால் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஆயுத பூசை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பொரிகடலையை நீட்டினார்.

"ஸ்பேனருக்கே இன்னிக்கு ஓய்வு சார். ராப்பகலா உழைக்குற பொட்டியை மட்டும் எப்படிங்க விடுறது?"

கையெழுத்து

அடுத்த வாரம் மழையில் நிலக்கரி நனைந்து, சூளையின் சூடு இறங்கியது. அண்ணன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். கம்ப்யூட்டரே சமாளித்தது. வாரமும் முடிந்தது, கையெழுத்து விழுந்தது. பஸ் ஏற்றிவிட அண்ணனே வந்தார்.

"இந்தப் பொட்டிக்கு நாங்க பழகிட்டோம். போயி புள்ளைக்குப் பழகுங்க சார்."

திருநெல்வேலி

மகள் என்னைப் பார்த்தாள், வீறிட்டு அழுதாள். தூக்கினால் இன்னும் அதிகம். பாய் சொன்னது ஞாபகம் வந்தது. பக்கத்து அறைக்குப் போய், கதவுக்குப் பின்னால் நின்று, போனில் பேசுகிற மாதிரியே பேசினேன். அழுகை நின்றது. எட்டிப் பார்த்தேன், மறுபடி ஆரம்பித்தாள்.

வசந்தி சொன்னாள்: "பேசுனா நீங்க அப்பா. பாத்தா யாரோ."

ஒரு சூளைக்குப் புத்தி மாட்டிக் கையெழுத்து வாங்கிவந்த எனக்கு, கதவுக்குப் பின்னாலிருந்து முன்னால் வர அந்த மழைக்காலம் முழுக்க ஆயிற்று.