உள்ளே மாட்டியவன் யார்?

எங்கள் தெருப் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: சண்முகவேல் மாமா வீட்டு மாடியில் விழும் கிரிக்கெட் பந்துகளுக்கு இனி ஆயுள் தண்டனை கிடையாது. இன்று காலை ஏழு பந்துகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அத்தை என்னிடம் நீட்டினார். மாமா இறந்த செய்தி வந்தபோது உறைக்காதது, அந்தப் பை கைக்கு வந்ததும் உறைத்தது.

மாமா காலண்டர் அச்சகத்தில் தாள் வெட்டுபவர். குளியலறை கட்டியபோது, கதவு நிலையின் கால்களுக்குத் தார் பூசச் சொன்னார் கொத்தனார். "தாரு எதுக்குங்கேன்? நம்ம தாளு பளபளன்னு இருக்குல்லா, தண்ணி வழுக்கி ஓடிரும்" என்று கழிவுத் தாளைச் சுற்றி நிறுத்தி, கான்கிரீட் கொட்டவைத்தார்.

போன ஐப்பசி மழையில் அந்தக் குளியலறைக்குள் மாமாவை ஒரு மணி நேரம் பூட்டிய மாவீரன் நான். இதைச் சொல்லித்தான் கிரிக்கெட் அணித் தலைவன் ஆனேன். டீக்கடையில் கேட்டவர்களிடம் மாமாவும், "ஆமாலே, இந்தப் பயகிட்ட மாட்டிக்கிட்டேன்" என்றார்.

திருத்தங்கல்காரன் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். உள்ளே இருந்தது நான்.

பந்துகளுக்குப் பழிவாங்க மாமாவின் வாளியில் சிவப்புச் சாயப்பொடி கலக்கப் போனேன். யாரும் பார்க்காதிருக்கக் கதவை அழுத்திச் சாத்தினேன். திரும்பினால் கதவு அசையவில்லை. தாள் குடித்த தண்ணீர் வெளியேற வழியின்றி மரத்தில் ஊறி, நிலை வீங்கிக் கதவைக் கவ்வியிருந்தது. தண்ணீரும் நானும் ஒரே சிறையில். இழுத்தேன், உதைத்தேன். மூச்சு முட்டியது. அழுதேன்.

"உள்ள ஆருலே?"

"நாந்தான் மாமா."

"வந்த சோலி முடிஞ்சுதா?"

"கதவு வரமாட்டேங்குது மாமா."

"தெருவக் கூப்பிடட்டுமா? அம்புட்டு பேரும் வந்தா சீக்கிரம் தொறந்திரலாம்."

"ஐயோ, வேண்டாம் மாமா!"

சிரித்தார். தனியாளாக உளியால் நிலையின் அடியைச் செதுக்கினார். உளி நின்றபோதும் பேச்சு நிற்கவில்லை. "நான் பேசுறது கேக்குதாலே? கேக்குற வரைக்கும் பயப்படாத." நைந்த காலண்டர் தாள் உளியோடு வந்ததும் குரல் தாழ்ந்தது: "தப்பு எம்மேலயும் இருக்குலே. தண்ணியப் பூட்டி வச்சுட்டேன்."

அடுத்த வாரமே புது நிலை வைத்தார். கால்களுக்கு இரண்டு பூச்சுத் தார், அடியில் கருங்கல் துண்டு, மரம் காய ஓர் இடைவெளி. என் கதையில் மட்டும் அவர் கைவைக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது கதவுக்கு வெளியே கேட்ட அந்தக் குரல்தான். மயானத்திலிருந்து திரும்பிக் குளிக்கப் போனபோதும், "ஏலே, எதாவது பேசு" என்று என் தம்பியை வாசலில் நிறுத்தினேன். மாவீரன் குளித்து முடிக்கும்வரை அவன் வாய்ப்பாடு ஒப்பித்தான்.