ஜம்பு சவாரிக்குத் துடைத்த ஜன்னல்

எங்கள் கட்டடத்து மாடி ஜன்னல்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஒரு காலத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த மரச்சட்டங்கள். வெயிலில் வெளுத்து, இப்போது தொட்டால் விரலில் சுண்ணாம்பாக ஒட்டுகின்றன. மேலே ஈரத்துணி பட்டால் போதும், வெள்ளைத் தண்ணீர் வழிந்து என் ஜெராக்ஸ் கடை போர்டில் கோடு கோடாகக் காய்ந்துவிடும். புறா எச்சம் வேறு. மாடியில் குடியிருக்கும் கட்டடச் சொந்தக்காரர் ரங்கராஜிடம் சொன்னால், "அந்தக் காலத்துத் தேக்குப்பா" என்று பெருமைப்படுவார். பெயின்ட் மட்டும் அடிக்கமாட்டார்.

அவற்றைத் துடைப்பவள் கமலம்மாள். எல்லைப்பக்கத்து ராமாபுரத்துக்காரி. புருஷன் போனபின் மைசூருக்கு வந்து, வீடு வீடாகத் தரையும் கண்ணாடியும் துடைத்தே மகளைக் கட்டிக்கொடுத்தவள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் தசராவின் ஜம்பு சவாரி ஊர்வலத்தில் தங்க அம்பாரி சுமந்து வரும் யானையை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆள் குள்ளம்; கூட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஊர்வலமோ எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழேதான் போகும்.

இந்த வருஷம் ரங்கராஜே தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "கமலம்மா, ஜன்னலெல்லாம் பளிச்சுனு பண்ணிடு. அன்னிக்கு நீயும் முன்னாடி நின்னு பாரு, ஆய்த்தா?"

"நெசமாத்தானுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். முதலில் சட்டத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு தனித் துணியால் துடைத்து, அது முடிந்தபின்தான் கண்ணாடியைத் தொட்டாள். இடுக்கிலிருந்து செத்த பல்லியும் புறா இறகும் வந்தன. "கருமம்! தொடைக்கத் தொடைக்க மாவாட்டம் கொட்டுதுங்கண்ணா, இதுல இட்லியே சுடலாம்" என்று என் கடை வாசலுக்கு வந்து தெருவில் காறித் துப்பினாள். ஆனாலும் விடவில்லை. கடைசியில் கையால் தேய்த்தாலும் ஒட்டாத அளவுக்குக் கொண்டுவந்தாள்.

ரங்கராஜுக்கு அது போதவில்லை. விருந்தாளிகள் வருகிறார்கள், சட்டம் வெளிறிக் கிடக்கிறதே என்று ஊர்வலத்தன்று காலையில் விளக்கெண்ணெயை எடுத்து எல்லாச் சட்டத்திலும் பூசிவிட்டார். பச்சை பளபளத்தது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

மேல்கோட்டையிலிருந்து சொந்தமெல்லாம் பட்டு உடுத்தி வந்து ஜன்னலில் சாய்ந்தது. வாடகைக்காரன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். புதுப்புடவை உடுத்திக் கமலம்மாள் சொன்னபடி முன்னால் நின்றாள். மேளம் நெருங்கும் நேரத்தில் ரங்கராஜின் மனைவி யதுகிரி அலறினாள். எண்ணெயில் ஊறிய பழைய பெயின்ட் களிம்பாகி, சாய்ந்தவர்கள் பட்டிலெல்லாம் அப்பியிருந்தது.

"கமலம்மா, துணி எடுத்துண்டு வா! சீக்கிரம்!"

அவள் விலகிய இடத்தில் யாரோ ஒரு மாப்பிள்ளை நுழைந்துகொண்டார். அவள் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு புடவையாகத் துடைத்தாள். வெளியே ஆரவாரம் உயர்ந்தது. எழப் பார்த்தாள். "இங்க இன்னும் இருக்கு பாரு" என்று முந்தானையை நீட்டினாள் யதுகிரி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே. எல்லோரும் அம்பாரியை நோக்கிக் கைகூப்பினார்கள்.

யானை போய்விட்டது.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம் கமலம்மா" என்றார் ரங்கராஜ். "இப்ப சட்டத்தை ஒரு தடவை தொடச்சுடு."

களிம்பு சொட்டும் அந்தத் துணியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தாங்க. நீங்களே தொடச்சுக்கங்க."

அவள் படியிறங்க, நானும் பின்னாலேயே இறங்கினேன். ரோட்டில் யானைச் சாணியும் அறுந்த செருப்புகளும் கிடந்தன.

"அண்ணா, எந்தப் பக்கமுங்க போச்சு?"

கையை நீட்டிக் காட்டினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அங்கே போலீஸ் கயிறு கட்டி வழியை அடைத்தாயிற்று என்று எனக்குத் தெரியும்.