கண்டதா, கேட்டதா?

பழைய தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை மறுபடியும் அந்தக் குரல். மலையாளத்தில், பதறிப்போய்: மீனில் மருந்து கலக்கிறார்கள், வாங்காதீர்கள். இத்தனை வருடத்தில் அந்தக் குரலுக்கு வயதாகவே இல்லை. கேட்கிற எனக்குத்தான் நரைத்துவிட்டது.

அதைக் கேட்டதும் எனக்குச் சாளை மீனின் வாடை அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தக்கலையில் நாங்கள் குடியிருந்த தெருவுக்குக் கடியப்பட்டணத்திலிருந்து செல்வமேரி அக்கா பேருந்தில் மீன் கொண்டுவருவார். மகளின் நர்சிங் படிப்பு அந்த அலுமினியச் சருவத்து மீனை நம்பித்தான் நடந்தது.

மீனோடு ஊர்ச் சேதியும் வரும். மீன் புதியதா என்று செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல அதையும் தெருப் பெண்கள் தூக்கிப் பார்ப்பார்கள். "கண்டதா, கேட்டதா?" என்பார் எதிர்வீட்டு ரோஸ்லின் அக்கா. "கேட்டதுதான்" என்று பதில் வந்தால் சிரித்துவிட்டுப் பாதி நம்பிக்கையோடு வைத்துக்கொள்வார். செய்தியை எப்படிச் சோதிப்பது என்று கல்லூரிகளில் இன்று நான் திரையில் படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்குகிறேன். பிள்ளைகள் மடியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது வேறு கதை.

அந்தக் குரல் முதன்முறை வந்த அன்று யாரும் பாத்திரம் எடுத்து வரவில்லை.

"வேண்டாம் மேரி. வாட்ஸ்அப்பில வந்திருக்கு" என்றார் ரோஸ்லின் அக்கா.

"ஏட்டி, இன்னைக்குக் காலத்தே கரைக்கு வந்த வள்ளத்து மீனு. செவுளப் பாரு!"

"பாத்தாலும் தெரியாதாம். அதையும் சொல்லியிருக்கு."

அது கேரள எல்லைக்கு அப்பால் ஏதோ ஒரு சந்தையைப் பற்றியது, நம் கரையைப் பற்றியதல்ல என்றேன். ரோஸ்லின் அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நமக்கு வெளங்குற பேச்சுதானே மக்கா?" வேறு மாவட்டமாக இருந்தால் புரியாமலே கடந்துபோயிருக்கும். எங்களுக்கு மலையாளமும் விளங்கும். ஆகவே எங்கோ நடந்தது எங்கள் வாசலில் நடந்ததாகிவிட்டது.

சருவத்தைத் தலையில் ஏற்றும் முன் செல்வமேரி அக்கா கேட்டார்: "சொன்னவன் கண்டானா, கேட்டானா?"

அதன்பின்னும் சில வாரங்கள் வந்தார், கொண்டுவந்ததை அப்படியே சுமந்து திரும்பினார். பிறகு வரவில்லை. மகள் படிப்பை விட்டுவிட்டாள் என்றும், தாயும் மகளும் முந்திரி ஆலைக்குப் போகிறார்கள் என்றும் பேச்சு. நான் கண்டதில்லை, கேட்டதுதான்.

இன்று அந்தக் குரலை அனுப்பியிருந்தவர் ரோஸ்லின் அக்காதான். "கண்டதா, கேட்டதா அக்கா?" என்று எழுதினேன்.

"ரெண்டும் இல்ல மக்கா. வந்தது, அனுப்பினேன்."

கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். வாங்காதீர்கள் என்று குரல் இன்னும் எச்சரித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தெருவுக்கு இப்போது மீன் கொண்டு யாரும் வருவதில்லை.