கஞ்சி அக்காவின் பத்தாவது வாக்கியம்

கஞ்சி அக்காவை யாராவது அப்பாவி என்று சொன்னால் நம்பாதீர்கள். நானும் ஒரு காலத்தில் நம்பினேன், அதனால் சொல்கிறேன்.

பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பதினேழு வருட வேலை. மேசை விரிப்புக்குக் கஞ்சி போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெயர் அப்படித்தான் வந்தது. ஆளும் கொஞ்சம் விறைப்புதான், மடிப்புக் கலையாத ஆள். அந்தக் கூடத்தில் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டேதான் வேலை. அழுக்குத்துணி மூட்டையின் மேல் ஒரு நிமிடம் சாய்ந்தால்கூட, ‘என்ன, இது உங்க வீட்டு மெத்தையா?’ என்று குரல் வந்துவிடும். மொத்தக் கூடத்துக்கும் ஒரே ஒரு நாற்காலி, மேற்பார்வையாளரின் கண்ணாடி அறைக்குள். சக்கரம் வைத்தது, சுழலும். பதினேழு வருடமாக அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாள் அக்கா. ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

மேற்பார்வையாளர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் எல்லோர் கையும் அவளைத்தான் காட்டியது. ஆனால் புதிதாக வந்த மேலாளருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. “பத்து நிமிஷம் இங்கிலீஷ்ல பேசணும், அவ்வளவுதான்” என்றார்கள். அவ்வளவுதானாம்! சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? இரண்டு மாதம் அவகாசம். வாரத்துக்கு மூன்று நாள், வேலை முடிந்ததும் ஊழியர் சாப்பாட்டு அறையில் வகுப்பு.

டீச்சர் சின்னப் பெண்தான், ஆனால் கறார். முதல் நாளே பலகையில் பெரிய கோடு ஒன்று இழுத்துச் சொன்னாள்: “நேத்து நடந்தது வேண்டாம், நாளைக்கு நடக்கப்போறதும் வேண்டாம். தினமும் நடக்குமே, அது மட்டும் போதும். ஆளுக்குப் பத்து வாக்கியம் எழுதிட்டு வாங்க.”

அக்கா எழுதினாள். ஐ வேக், ஐ குக், ஐ வாஷ், ஐ ஸ்வீப், ஐ அயர்ன் என்று ஒன்பது வந்தது. டீச்சர் படித்துப் பார்த்து, “என்னக்கா, எல்லாமே ‘ஐ’யா இருக்கு? வீட்டுல வேற ஆள் இல்லையா? பத்தாவது உங்க வீட்டுக்காரரப் பத்தி இருக்கட்டும்” என்றாள்.

வீட்டுக்காரர் சாவி வெட்டும் கடை வைத்திருப்பவர். மீசைக்கு மை பூசாமல் வாசல் தாண்ட மாட்டார். ஊர் என்ன நினைக்கும் என்பதுதான் அவருக்கு முழுநேரக் கவலை. அன்று மாலை அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்ததிலிருந்து அக்கா நோட்டும் கையுமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பார்த்ததை அப்படியே எழுதினாள். ஹி ஈட்ஸ். ஹி சிட்ஸ்.

கல்லூரியில் படிக்கும் மகள் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அம்மா, இதையா மேனேஜர்கிட்ட சொல்லப்போற?”

“என்னது, என்னப் பத்தி என்ன?” என்று சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். மகள் அர்த்தம் சொன்னாள். மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. “ஏம்மா, மானத்த வாங்குறதுக்குன்னே படிக்கப் போறியா? அவங்க என்ன நினைப்பாங்க? பாத்திரம் கழுவுறாருன்னு எழுதேன், கையா வலிக்குது?”

“பொய் எழுத மாட்டேங்க” என்றாள் அக்கா. “தினமும் நடக்கிறதத்தான் எழுதணுமாம். டீச்சர் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க.”

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். காய்கறிக்காரரிடம், ‘பக்கத்துக் கடையில பாதி விலை’ என்று கண் இமைக்காமல் அளக்கிறவள் இவள்தான். வேலைக்கு அரை மணி தாமதமானால் பஸ்ஸின் மேல் பழியைப் போடுகிறவளும் இவள்தான். அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் திடீரென்று சத்தியம் வந்துவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு, “எழுதிக்கோ” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரத்தைக் கழுவினார். அக்கா பின்னாலேயே போய் நின்று பார்த்து, ‘ஹி வாஷஸ்’ என்று எழுதினாள். மறுநாளும் கழுவ வேண்டியதாயிற்று. தினமும் என்றால் தினமும்தானே!

அதோடு விட்டாளா? வாரா வாரம் டீச்சர் புதுப்புது வினைச்சொல்லாகக் கொடுத்தாள். ஃபோல்ட் என்று வந்த வாரம் துணி மடித்தார். ஸ்வீப் வந்த வாரம் குனிந்து பெருக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தோல் சீவ பீல், நறுக்க கட், சமைக்க குக் என்று மூன்றும் ஒரே நாளில் வந்தபோது மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. கடையிலிருந்து வந்ததும் வராததுமாக, “இன்னிக்கு என்ன வினைச்சொல்?” என்று பயந்து பயந்து கேட்பார். “உங்க டீச்சருக்கு ரெஸ்ட்டுன்னு ஒரு வார்த்தையே தெரியாதா?”

“அது கடைசிப் பாடமாம்ப்பா” என்பாள் மகள்.

நேர்காணல் அன்று காலையில், “இன்னிக்கு ஒருநாள் லீவு எடுத்துக்கறேன்” என்று சொல்லிப் பார்த்தார். அக்கா நோட்டைத் திறந்தாள், பேனா மூடியைக் கழற்றினாள், ‘ஹி வாஷஸ்’ மேல் கோடு போடப் போனாள். அவர் பாய்ந்து போய்க் குழாயைத் திறந்தார்.

மேலாளர் சிரிக்காத ஆள். காலையில் எத்தனை மணிக்கு எழுவாள், கூடத்தில் என்னென்ன செய்வாள் என்று கேட்டார். துணி பிரிப்பதிலிருந்து ஆரம்பித்து ஐ சார்ட், ஐ வாஷ், ஐ அயர்ன் என்று மடமடவென்று சொன்னாள். நல்லபடியாகத்தான் போனது. பிறகு, மாலையில் வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்டார்.

‘ஐ குக்’ என்று தொண்டை வரை வந்தது, நின்றுவிட்டது. சமைப்பது யார்? ஐ வாஷ்? இல்லை. ஐ ஸ்வீப்? அதுவும் இல்லை. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் வீட்டுக்காரர் பக்கம் தள்ளிவிட்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்துநான்கு வருடத்தில் மாலை நேரத்துக்கு என்று ஒரு வேலையும் இல்லாமல் போனது இந்த இரண்டு மாதம்தான். அது இந்த நேரம் பார்த்தா காலை வார வேண்டும்! பழைய ஒன்பது வாக்கியத்தையும் ஒப்பித்துவிட்டு வந்துவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. என்னவோ, நாக்கு எழவில்லை. இரண்டு மாதம் சத்தியம் பேசினால் அது ஒட்டிக்கொண்டுவிடும்போலிருக்கிறது.

“ஐ சிட்” என்றாள்.

மேலாளர் நிமிர்ந்தார்.

“எவ்ரி டே ஐ சிட். மை ஹஸ்பண்ட் குக்ஸ். ஹி வாஷஸ். ஹி ஃபோல்ட்ஸ். ஐ சிட். ஐ ரீட்.” அட, ஆமாம், உட்கார்ந்துதானே இருந்திருக்கிறேன்! ஜன்னலோரம், நோட்டு மடியில், காலை நீட்டிக்கொண்டு! தன் வாயால் கேட்ட பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது.

எப்படி அவரை வேலை செய்ய வைத்தாய் என்று மேலாளர் கேட்டார். அது தயாரித்து வைத்த கேள்வி அல்ல. அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

“ஐ ரைட். ஹி டஸ்.”

சிரிக்காத ஆள் மேசையைத் தட்டிச் சிரித்தார். வீட்டுக்காரரையே வேலை வாங்கத் தெரிந்தவளுக்குக் கூடத்திலிருக்கும் பதினோரு பேர் எந்த மூலைக்கு என்று நினைத்தாரோ என்னவோ, அப்போதே கண்ணாடி அறையின் சாவியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

வீட்டில் சாவியைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நம்ம வீட்டு ஆளு சூப்பர்வைசர்!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு கைத்துண்டை ஆணியில் மாட்டிவிட்டு, “அப்பாடா, இனிமே பழையபடி...” என்று காலை நீட்டிச் சாய்ந்தார்.

“எவ்ரி டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேங்க” என்றாள் அக்கா மிகவும் வருத்தமாக. “பொய் சொல்லிட்டு அந்த நாற்காலில நான் எப்படிங்க உட்காருவேன்? நாலு பேரு உங்களப் பத்தி என்ன நினைப்பாங்க?”

அவர் கூரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஆணியிலிருந்த துண்டைப் பார்த்தார். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கஞ்சி அக்கா நாற்காலியை ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.