கடைசிப் பக்கம் வரை விடுவார்களா?

பியானோ வாசிப்பது உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால், வாசிப்பவரை எப்போது வேண்டுமானாலும் எழுப்பிவிடலாம் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தவில்காரரிடம் இப்படி யாராவது வாலாட்டிப் பார்க்கட்டும். கிட்டே போகவே யோசிப்பார்கள். பியானோக்காரி என்றால் மட்டும் தோளைத் தட்டி, "கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்லிவிடலாம்.

நான் புதுச்சேரியில் பதினோரு வருஷமாக இதை வைத்துத்தான் பிழைக்கிறேன். மூலக்குளத்தில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஞாயிறு காலையில் மாதா கோவிலில் பூசைக்கு வாசிக்கிறேன். வெள்ளி, சனி சாயங்காலங்களில் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டல் முன்கூடத்தில் வாசிக்கிறேன். இது தவிர, ஊரில் பியானோ தெரிந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு சாயங்காலம் நிகழ்ச்சி நடத்துகிறோம். அதில் டாக்டர் உண்டு, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் உண்டு, பத்தாவது படிக்கிற பெண்ணும் உண்டு. வாசிப்பதையே தொழிலாக வைத்திருப்பவள் நான் ஒருத்திதான்.

என்னிடம் ஓர் உருப்படி இருக்கிறது. நாலு பக்கம், ஐந்து நிமிஷம். அதன் வெளிநாட்டுப் பெயர் யார் வாயிலும் நுழைவதில்லை, அதனால் நானே அதற்கு 'நாலு பக்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டேன். மூன்றாம் பக்கத்தின் முடிவில் இரண்டு கையாலும் ஓங்கி ஓர் அடி வரும். அதற்குப் பிறகு மூச்சை இழுத்து விடுகிற அளவுக்கு மௌனம். அப்புறம்தான் நாலாம் பக்கம். வீட்டை விட்டுக் கோபித்துக்கொண்டு போன மெட்டு அந்தப் பக்கத்தில்தான் மெதுவாகத் திரும்பி வருகிறது. அதை வாசிக்கவில்லை என்றால் மற்ற மூன்று பக்கங்களும் வெறும் சண்டை. இந்த ஊரார் முன்னால் ஒரே ஒரு தடவை இதை முழுசாக வாசித்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. நிலம் வாங்க வேண்டும், வீடு கட்ட வேண்டும் என்றா கேட்டேன்? அந்த மௌனத்தில் ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் புகுந்துவிடுகிறார். மேடையேறி நொந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம் சொல்லாமல் நான் யாரிடம் சொல்வேன்?

பொன்னாடை

எங்கள் வருஷாந்திர நிகழ்ச்சிக்கு ஒரு செயலாளர் இருக்கிறார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர்தான். ஆனால் மைக் கையில் கிடைத்தால் அவர் வேறு ஆள். எதற்கும் "நன்றி, தேங்க்ஸ், மெர்சி" என்று மூன்று மொழியிலும் முடித்தால்தான் அவருக்குத் திருப்தி.

முதல் வருஷம் சிறப்பு விருந்தினர் ஒன்றே கால் மணி நேரம் தாமதம். அவர் வருகிற வரைக்கும் என்னை வாசிக்கச் சொன்னார்கள். மூன்றாம் பக்கத்தின் அடியை நான் அடிக்கவும், விருந்தினர் வாசலில் நுழையவும் சரியாக இருந்தது. கூட்டம் கை தட்டியது, எனக்கா அவருக்கா என்று இன்றுவரை தெரியவில்லை. நான் கையை எடுக்காமல் மௌனத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பொன்னாடை வந்து என் தோளில் விழுந்தது, முழங்கை வரை மூடியது, விருந்தினர் அதை இழுத்து ஒரு சுற்றும் சுற்றிவிட்டார். புகைப்படக்காரர் இந்தப் பக்கம் பாருங்கள் என்கிறார். இன்னும் முடியவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு செயலாளரிடம் சொன்னேன். அவர் பதற்றமே இல்லாமல் சொன்னார்:

"நீங்க நிறுத்த வேணாம் மேடம், வாசிச்சிகிட்டே லேசா இப்பிடி குனிஞ்சீங்கன்னா போதும்."

மாப்பிள்ளையின் கை

கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்ள எங்கெங்கிருந்தோ எங்கள் ஊருக்கு வருகிறார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து மஞ்சள் சுவர் முன்னால் நின்று முடித்ததும் அடுத்தது ஓட்டல் பியானோதான். ஒரு சனிக்கிழமை நான் இரண்டாம் பக்கத்தில் இருக்கும்போது ஒரு கேமராக்காரர் வந்து, மாப்பிள்ளை வாசிப்பது போலவும் பெண் சாய்ந்து கேட்பது போலவும் வீடியோ வேண்டும் என்றார். ஓட்டல்காரர்கள் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு எந்தக் கட்டையை அழுத்துவது என்று தெரியவில்லை, பாவம், பத்து விரலையும் ஒரே கட்டையில் வைத்தார். அதனால் முகம் அவருடையது, கை என்னுடையது என்று முடிவானது.

மாப்பிள்ளையின் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார்கள். என் வளையலைக் கழற்றச் சொல்லி, அவருடைய கைக்கடிகாரத்தைக் கட்டினார்கள். தட்டு மாதிரி இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு வாசிக்க முடியவில்லை. ஆனாலும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. கேமரா ஓடுகிற வரைக்கும் என்னை யாரும் எழுப்ப மாட்டார்கள், இன்றைக்கு எப்படியும் கடைசிப் பக்கம் வந்துவிடலாம். மூன்றாம் பக்கத்தின் அடியை அடித்தேன். கேமராக்காரர் "சூப்பர், ஓகே" என்று கேமராவை இறக்கிவிட்டார். எடுத்ததைப் பெண்ணிடம் காட்டினார்கள். அவள் என் விரல்களை உற்றுப் பார்த்து முகம் சுளித்தாள். கேமராக்காரர் சமாதானம் சொன்னார்:

"கைல முடி இல்லாதது தெரியாதுங்க, எடிட்ல பாத்துக்கலாம்."

டாக்டரம்மா வாசித்தாச்சு

எங்கள் குழுவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். ஆசைக்கு வாசிப்பவர். சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: அவர் வாசிப்பது பல் பிடுங்குவது போலத்தான் இருக்கும், சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்கிற இரக்கம் தெரியும். ஆனால் அரங்கம் நிறைவது அவரால்தான். வைத்திக்குப்பத்திலிருந்து வில்லியனூர் வரை அவரிடம் பல் கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். என்னைக் கேட்க வருகிறவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். இரண்டு சக்கர வண்டி மெக்கானிக். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் ஷெட்டிலிருந்து வருவார், வீட்டில் நான் பயிற்சி செய்வதை அவர் கேட்டதே இல்லை. அதற்கு ஈடாக, நான் மேடையில் வாசிக்கிற அத்தனை நாளும் ஷெட்டைச் சாத்திவிட்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிடுவார்.

அந்த வருஷம் டாக்டருக்குப் பிறகு நான். என் முதல் பக்கத்திலேயே நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. இரண்டாம் பக்கத்தில் ஒரு குடும்பம் மேடைக்கு முன்னால் குறுக்கே நடந்து டாக்டரிடம் ஈறு வலியைக் காட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் பக்கத்தின் அடிக்கு, மிச்சமிருந்தவர்களும் ஏதோ உத்தரவு வந்தது போல எழுந்துவிட்டார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் என் வீட்டுக்காரர் பொறுக்காமல், இன்னும் வாசிக்கிறாங்க, உட்காருங்க என்று ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாராம்:

"டாக்டரம்மாதான் வாசிச்சி முடிச்சிட்டாங்களே, இன்னும் என்னா இருக்குது?"

அரைக் கட்டை

ஒரு நகரில் குடியிருப்போர் சங்க விழா. முதலில் என் பியானோ, பிறகு உள்ளூர்ப் பாடகர் ஒருவருக்கு நான் பக்கவாத்தியம் என்று பேச்சு. மூன்றாம் பக்கத்தின் மௌனத்தில் அவர் மைக்கைப் பிடித்து "ம்ம்ம்" என்று சுருதி பிடிக்கத் தொடங்கிவிட்டார். அதோடு என் பங்கு முடிந்தது. பாட்டுக்கு ஒத்திகை பார்த்தது இரண்டு கட்டை சுருதியில். இப்போது தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்குங்கள் என்கிறார்.

கீபோர்டில் பொத்தானைத் தட்டினால் சுருதி இறங்கிவிடும். நிஜப் பியானோவில் விரல்தான் இறங்க வேண்டும். ஒன்றரைக் கட்டை என்றால் பாதிக்கு மேல் கறுப்புக் கட்டைகள். ஒத்திகை பார்த்த பாட்டு மொத்தத்தையும் மனசுக்குள் நகர்த்தி நகர்த்தி வாசித்தேன். ஜாக்கெட் நனைந்துவிட்டது. இதைச் செய்ய எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும் என்று அங்கே ஒருவருக்காவது தெரியுமா? பாடி முடித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்த பாடகர், பியானோவை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் பரிதாபமாகக் கேட்டார்:

"இம்மாம் பெரிய பொட்டிக்கு ஒரு பட்டன் வைக்கக் கூடாதா?"

பெட்டிக்குள் விளக்கு

கடலோர ஊரில் பியானோ வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் ஏறிக் கட்டைகள் ஊறிச் சிக்கிக்கொள்ளும். அதனால் பெட்டியின் அடியில் ஒரு சின்ன குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிடுவோம். நிகழ்ச்சி நடக்கிற அரங்கத்துப் பியானோவுக்கு அந்தப் பல்பை மாட்டியது நான்தான். மேலே தேநீர்த் தட்டு வைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன், பல்பையாவது விட்டுவைப்பார்கள் என்று நம்பினேன்.

போன வருஷம் நான்காம் பக்கத்துக்கு நிஜமாகவே வந்துவிட்டேன். மௌனத்தில் யாரும் புகவில்லை. மெட்டு திரும்பி வருகிற முதல் கட்டையை அழுத்தினேன். அது உள்ளே போனது, மேலே வரவில்லை. நகத்தால் நெம்பினேன், வரவில்லை. கூட்டம் கை தட்டியது, மெர்சியும் வந்துவிட்டது. அப்புறம் பின்பக்கம் போய்ப் பார்த்தால் சுவிட்ச் அணைந்திருக்கிறது. யார் அணைத்தது என்று கத்தினேன், ஆமாம், கத்தத்தான் செய்தேன். அரங்கத்துக் காவலாளி தப்பே செய்யாதவர் குரலில் பதில் சொன்னார்:

"மூடி வெச்ச பொட்டிக்குள்ள யாரும்மா ஒக்காந்து படிக்கிறாங்க, லைட்டு எரியறதுக்கு?"

கரண்ட் போன சாயங்காலம்

இந்த வருஷம் நான் விடவில்லை. ஒரு வாரம் முன்னாலேயே போய் பல்பைப் போட்டு, சுவிட்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வந்தேன். நிகழ்ச்சியன்று டாக்டர் வாசித்து, அவருடைய ஆட்கள் போய், முப்பது பேர் மிச்சம். நேரமாகிவிட்டது, என் உருப்படியை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளர் என் காதோடு சொன்னார். சொல்லிவிட்டு மைக்கை எடுக்கப் போனபோது கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, மைக் செத்தது. ஜன்னல் வழியாக மாலை வெளிச்சம் மட்டும் இருந்தது. அவர் திரும்பி வந்து, கரண்ட் வருகிற வரைக்கும் சும்மா ஏதாவது வாசித்துக்கொண்டிருங்கள் என்றார். சும்மா! எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் அந்த அரங்கத்தில் கரண்ட் இல்லாமல் சத்தம் வருகிற பொருள் பியானோ ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உட்கார்ந்தேன்.

மூன்றாம் பக்கத்தின் அடியை அடித்ததும் வழக்கம்போலக் கை தட்டினார்கள். சிலர் எழுந்தார்கள். செயலாளர் பழக்கதோஷத்தில் மைக்கைத் தூக்கி ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, மெர்சி கேட்கவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மௌனத்தை எண்ணி முடித்து அந்தக் கட்டையை அழுத்தினேன். உள்ளே போனது, மேலே வந்தது. எழுந்தவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபடியே இருந்தார்கள். கரண்ட் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே வாசித்தேன். கடைசிச் சத்தம் அடங்கி நான் காலைப் பியானோவின் மிதியிலிருந்து எடுத்த பிறகுதான் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. சொல்வதற்கென்ன, அழுதுவிட்டேன். யாரும் கை தட்டவில்லை, முன்பே தட்டிவிட்டார்கள்.

வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். அவர் சாலையைப் பார்த்தே ஓட்டினார். பதினோரு வருஷம் ஒரு நிகழ்ச்சி விடாமல் வந்த மனிதர், மனசு நிறைந்துபோய் வார்த்தை வராமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நெல்லித்தோப்பு சிக்னலில் வண்டி நின்றது. எப்படி இருந்தது என்று நானே கேட்டேன். அவர் தயங்கினார், என் மனசு நோகக் கூடாது என்று யோசிக்கிறார் என்பது முதுகிலேயே தெரிந்தது. அப்புறம் சொன்னார்:

"எப்பவும் ஓங்கி ஒன்னு போட்டு டக்குனு நிறுத்துவ பாரு, அதான் அதுக்கு அழகு. இன்னைக்கி என்னாவோ, சாவிய திருப்பி ஆஃப் பண்ண பெறவும் ஓடற வண்டி மாதிரி ஓடிகிட்டே கெடந்துச்சு."

பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஓர் உருப்படியை முழுசாக வாசித்தேன், அதுவும் தப்பாகத்தான் வாசித்திருக்கிறேன்.