ஜானு மாமியின் வாசல் வேம்பு

அடையாறு இந்திரா நகரில் ஜானு மாமியைப் போல யோசித்து மரம் வைத்தவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது. தொண்ணூறில் வீடு கட்டிக் குடிவந்த கையோடு, வாசலுக்கு என்ன மரம் வைப்பது என்று வீட்டையே இரண்டாக்கினாள். கணவர் கல்யாணராமன் தென்னை என்றார். "மட்டை யார் மண்டையிலயாவது விழுந்தா நீங்களா பதில் சொல்லுவேள்?" என்று கேட்டாள். முருங்கை என்றால் கம்பளிப்பூச்சி. மாமரம் வைத்தால் தெருப்பிள்ளைகள் விடுகிற கல் மாடி ஜன்னலில்தான் வந்து விழும். அரசமரம் சுவரைப் பிளந்துவிடும். பக்கத்து வீட்டு நெட்டிலிங்க மரத்தைப் பார்த்து, "நிழலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இது மரமா, விளக்குக் கம்பமா?" என்று உதட்டைச் சுழித்தாள்.

கடைசியில் வேம்பு என்று முடிவாயிற்று. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடுகிற ஊரில் அது தன்னால் பிழைத்துக்கொள்ளும். பூ ரசத்துக்கு ஆகும். மின்கம்பி எங்கே போகிறது, சாக்கடைக் குழாய் எங்கே ஓடுகிறது என்று எல்லாம் பார்த்தாள். உள்ளே இடம் போதாததால் மதிலுக்கு வெளியே, இரும்புக் கேட்டின் ஓரமாகக் குழி தோண்டவைத்தாள். மாடு கடிக்காமல் கூண்டு போட்டு, அரிசி களைந்த தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். அம்மாடி, என்ன வளர்த்தி அது! ஐந்தாறு வருஷத்தில் மாடியை எட்டிவிட்டது.

நிழல் வந்தது, கூடவே ஆண்பிள்ளைகளும் வந்தார்கள். தெருமுனையில் ஆட்டோ ஸ்டாண்டு. போகிறவன் வருகிறவன் எல்லாம் மாமியின் மரத்தடியில்தான் ஒதுங்கினான். மாடியிலிருந்து கத்திப் பார்த்தாள். பினாயில் ஊற்றிப் பார்த்தாள். மதிலில் 'இங்கே அசுத்தம் செய்யாதீர்' என்று சாக்பீஸால் எழுதியும் பார்த்தாள். மானம் கெட்டவர்கள் அந்த எழுத்தின் மேலேயே போனார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வயிறெரிந்துபோய், பழைய புடவையில் ஒரு முழம் கிழித்து, மஞ்சளில் நனைத்து மரத்தைச் சுற்றிக் கட்டினாள். குங்குமம் வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே வந்தாள்.

மறுநாளிலிருந்து ஒருவனும் ஒதுங்கவில்லை. "சாமர்த்தியக்காரிதான்டி நீ" என்று கல்யாணராமன் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பெல்லாம் ஆடி மாதம் வரைக்கும்தான். முனையில் இட்லிக்கடை போட்டிருந்த முனியம்மாள் மரத்தடியில் ஓர் அகல் ஏற்றினாள். யாரோ செங்கல் நட்டு மஞ்சள் பூசினார்கள். பிறகு சூலம் வந்தது, மேடை வந்தது, தகரக் கூரை வந்தது, ஒலிபெருக்கியும் வந்தது. மேடை வளர்ந்து கேட்டின் ஒரு கதவை அடைத்துக்கொண்டது. இன்னொரு கதவு ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். கல்யாணராமனின் ஸ்கூட்டர் உள்ளேயே கிடந்து துருப்பிடித்தது. சண்டைக்குப் போனால் முனியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "இன்னா மாமி, ஆத்தாவையே நவுரச் சொல்றியா?"

ஜானுவும் சாமிக்குப் பயந்தவள்தான். வெட்டச் சொல்ல வாய் வராது. தான் கட்டிய துணி என்று சொல்லவும் வாய் வராது. சொந்தச் செலவில் ஜெயில் கட்டி உள்ளே உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்து நினைத்துக் குமைந்தாள்.

தொண்ணூற்றெட்டில் ஓர் ஆடி ஞாயிறு. வாசலில் ஜனங்களுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள் கல்யாணராமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்தது, ஸ்ட்ரெச்சர் உள்ளே நுழையவில்லை. ஆட்டோ ஓட்டும் பொன்னுரங்கமும் இன்னும் சிலரும் அவரை மதில் மேலாகத் தூக்கிக் கைமாற்றினார்கள். கட்டிய புருஷன் அரிசி மூட்டை மாதிரி மதில் தாண்டிப் போவதைப் பார்த்து ஜானு வாய்விட்டு அழுதாள்.

நல்லவேளை, பிழைத்து வந்தார். மாடி ஏறக்கூடாது, சத்தம் ஆகாது, அலட்டல் ஆகாது, இன்னொரு தடவை வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். கூடத்தில் கட்டில் போட்டு அவரைப் படுக்கவைத்தாள். அங்கிருந்து பார்த்தால் திறக்காத அந்தக் கேட்தான் தெரிந்தது. அது திறந்தால்தான் இவர் நமக்கு மிஞ்சுவார் என்று ஜானுவுக்குப் பட்டுவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை, பூசைக்குக் கூட்டம் சேர்ந்த நேரமாகப் பார்த்து, வெட்கத்தை விட்டு மரத்தடியில் போய் நின்றாள்.

"எல்லாரும் கேளுங்கோ! இந்த மரத்தை வச்சது நான். மஞ்சத் துணி கட்டினதும் நான்தான். ஆம்பளைகள்ளாம் இங்க வந்து வந்து ஒண்ணுக்குப் போயிண்டிருந்தா, அதை நிறுத்தறதுக்காகக் கட்டினேன். என்னோட பழம்புடவை அது. சாமியும் இல்லை, ஒண்ணும் இல்லை." சொன்ன வாயோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எங்காத்துக்காரர் உசிருக்காகக் கேக்கறேன். வழியை விடுங்கோ."

பம்பைச் சத்தம் நின்றது. பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு காலத்தில் அவனும் அங்கே ஒதுங்கியவன்தான். அப்பாடா, சொல்லியாயிற்று என்று ஜானுவுக்கு உடம்பே லேசானது.

முனியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

"நீயா கட்ன மாமி? இத்தினி நாளா சொல்லவே இல்லியே! அந்த அசிங்கத்த ஆத்தாவாலயே பொறுக்க முடியல. அதான் உன் கையப் புட்ச்சி கட்ட வச்சிக்கினா. ஊர்ல எவ புடவையும் வாணாம்னு உன் புடவையக் கேட்டு வாங்கிக்கினா!"

"ஐயோ, அப்படியில்லை முனியம்மா..."

"இன்னா அப்பிடியில்ல? அம்மாம் பெரிய நெஞ்சு வலில மாமா எப்டி பொயச்சாரு? நீயே சொல்லு!"

முனியம்மாள் தடாலென்று விழுந்து காலைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே பொன்னுரங்கம் விழுந்தான், கூட்டமும் விழுந்தது. காலை இழுத்துக்கொள்ளக்கூட ஜானுவுக்கு இடமில்லை.

வழி கேட்டாள் அல்லவா, வழி விட்டார்கள். மறுநாளே மேடையை இடித்துத் தள்ளிக் கட்டினார்கள். பொன்னுரங்கம் கீலுக்கு எண்ணெய் போட்டு இரண்டு கதவையும் அகலத் திறந்துவைத்தான். "இனிமே இத்த சாத்தாத மாமி. ஜனங்க உன்னப் பாக்க வருவாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலமே வந்துவிட்டார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கூடம்வரைக்கும் வந்த ஒரு பெண், காய்ச்சலில் கொதிக்கிற குழந்தையை ஜானுவின் மடியில் கிடத்தினாள்.

"டாக்டர்கிட்ட போடி, பைத்தியமே!"

"போய்ட்டுத்தாம்மா வரேன். நீ ஒரு தபா தொடு."

அவள் அழுத அழுகையில் ஜானுவின் கை தானாகக் குழந்தையின் நெற்றிக்குப் போனது. வாசலில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கட்டிலில் கல்யாணராமன் கண் விழித்து, "யாரு ஜானு இவாள்ளாம்?" என்று முனகினார்.

ஜானு நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஏன்னா, மெதுவா எழுந்து உள் ரூம்ல போய்ப் படுத்துக்கோங்கோ" என்றாள்.